எல்லாருக்கும் ஒரே மேனேஜர், எவனுக்கும் பொறுப்பில்லை

டிஸ்கி: இது முழுக்க முழுக்க ஆணி பத்தின பதிவு. சினிமா விமர்சனம், கவுஜ எதிர்பார்த்து வந்த மக்கள் இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். ஆனா பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம்னுதான் நினைக்கிறேன். நடுவுல செருப்பு வருது, பாலாறு வருது, கத்திரிக்காயும் வருது.

கூடப் பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் (நல்ல மனுஷன், பேரு வேணாம்) எப்பப் பாத்தாலும் ஒரு வாக்கியம் சொல்லுவார். "பாஸ், இதையெல்லாம் ஏன் கையில தூக்கிக்கிட்டு அலையறீங்க? ஒரு சிங்கிள்டன் போட்டு உள்ள எறிஞ்சுடுங்க. எந்த ஸ்கிரீன்லேர்ந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

இந்த வாக்கியத்தோடதான் இன்னிக்கு என் சண்டை. அவரோட இல்லை. அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டி, அதே மாதிரி எழுதி, சொ.செ.சூ வைச்சுக்கிட்டவன் நான்தான். அதனால திட்டுறதுக்கு எனக்கு முழுத் தகுதி இருக்கு.

கதை இதுதான். எங்க ஊர் ஆம்பூர்ப் பக்கம். (2019-லேர்ந்து திருப்பத்தூர் மாவட்டம். ஆனா வெளியூர்க்காரங்க கேட்டா பழக்கதோஷத்துல இன்னமும் வேலூர்னுதான் வாயில வருது.) பிரியாணிக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கும் அடுத்தபடியா ஊரோட அடையாளம் தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும். உலகம் பூரா போட்டுக்கிட்டுத் திரியுற ஷூவோட மேல்பாகம், அதான் அப்பர், அதுல கையால தைக்கிற தையல் வேலை நிறைய கம்பெனிக்குள்ள நடக்கிறதில்லை. சுத்துப்பட்டு கிராமங்கள்ல பொம்பளைங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து தைக்கிறாங்க. நடுவுல ஒரு ஏஜென்ட் இருப்பாரு. காலையில மூட்டையில அப்பர் கொண்டாந்து இந்த வீட்டுக்கு இத்தனை ஜோடின்னு கொடுப்பாரு, ரெண்டு நாள் கழிச்சு எண்ணி வாங்கிப்பாரு. கூலி ஜோடிக்கணக்கு. மாசச் சம்பளம் இல்லை, பிஎஃப் இல்லை, ஒண்ணும் இல்லை. எண்ணிக்கைதான் சம்பளம். இதை மனசுல வைச்சுக்குங்க.

தெரிஞ்ச ஏஜென்ட் அண்ணன் ஒருத்தருக்கு அந்த எண்ணிக்கையை எழுதி வைக்க நானும் இன்னொருத்தனும் சேர்ந்து ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக் கொடுத்தோம். ஓசியிலதான். ஞாயித்துக்கிழமை வேலை. பேரைத் தேர்ந்தெடு, எண்ணிக்கையைப் போடு, மூட்டையைப் போட்டோ எடு, சேமி. அவ்வளவுதான். கல்லூரிப் பசங்க ப்ராஜெக்ட் மாதிரி இத்தினியூண்டு ஆப்.

நண்பர் வாக்குப்படி 'டேட்டாமேனேஜர்'னு ஒரு கிளாஸ். ஆப்புக்கு மொத்தம் ஒண்ணே ஒண்ணு. அதுக்குள்ள லாகின் பண்ணினது யாரு, இப்ப எந்த அம்மாவோட கணக்கு திறந்திருக்கு, இன்னிய லாட் எது, சர்வருக்கு அனுப்ப வேண்டிய வரிசை, மொழி தமிழா உருதுவா, எல்லாம். எந்த ஸ்கிரீனும் எப்ப வேணா வந்து எடுக்கலாம், எப்ப வேணா வந்து மாத்தலாம். சத்திரம் மாதிரி. எழுதும்போது என்னா சுகம் தெரியுமா! ஒரு ஸ்கிரீன்லேர்ந்து இன்னொண்ணுக்கு எதையும் எடுத்துக்கிட்டுப் போக வேணாம். ரெண்டே ஞாயித்துக்கிழமையில ஆப் ரெடி.

மூணு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஓடுச்சுன்னா, கீழ விழலை. ஒரு தடவை கூட கிராஷ் ஆகலை. நாங்க ரெண்டு பேரும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டோம்.

அப்புறம் ஒரு நாள் அண்ணன் போன். "இன்னாபா தம்பி, அந்தம்மா பொண்ணு பிரசவத்துக்குக் குடியாத்தம் போயி ஒரு மாசம் ஆவுது. அது பேர்ல நாப்பத்தாறு ஜோடி தெச்சதா காட்டுதே உன் செல்லு. யார் தெச்சது, நீயா?"

அவ்வ்வ்வ்.

அந்தம்மாவுக்கு நாப்பத்தாறு ஜோடி கூடுதல்னா, வேற யாருக்கோ நாப்பத்தாறு ஜோடி குறைச்சல்னு அர்த்தம். யாருக்குன்னு எங்களுக்குத் தெரியலை. அதுதான் வயித்தைக் கலக்கினது.

தோண்டிப் பாத்தா ரெண்டு ஓட்டை. ரெண்டுமே பாடப்புத்தகத்துல போடலாம்.

முதல் ஓட்டை: அண்ணன் ஒரு வீட்டு வாசல்ல நின்னு அந்தம்மா கணக்கைத் திறந்து 18-னு அடிக்கிறாரு. சேமிக்கிறதுக்குள்ள வேற ஒரு அம்மாகிட்டேர்ந்து போன், "எனக்கு எத்தினி ஜோடி பாக்கி?"ன்னு. இவர் ஆப்புக்குள்ளயே தேடல் ஸ்கிரீனுக்குப் போய் அந்த ரெண்டாவது அம்மா கணக்கைப் பாத்துப் பதில் சொல்லிட்டு, பின்னாடி பொத்தானை அமுக்கி பழைய ஸ்கிரீனுக்கு வராரு. ஸ்கிரீன்ல மேல முதல் அம்மா பேருதான் இருக்கு, ஏன்னா அது முன்னயே வரைஞ்சது. ஆனா டேட்டாமேனேஜருக்குள்ள 'தற்போதைய ஆள்' இப்ப ரெண்டாவது அம்மா. சேமி. 18 ஜோடியும் ரெண்டாவது அம்மா கணக்குல. கண்ணுக்குத் தெரியுற பேரு ஒண்ணு, கணக்கு ஏறுற பேரு ஒண்ணு. எவனுக்கும் சந்தேகமே வராது.

ரெண்டாவது இன்னும் கேவலம். மூட்டையைப் போட்டோ எடுக்க ஆப் கேமராவைத் திறக்கும். அண்ணன்கிட்ட இருக்கிறது ரெண்டு ஜிபி ராம் செல். கேமராவுக்கு இடம் பத்தலைன்னா ஆண்ட்ராய்டு என்ன பண்ணும்? பின்னாடி இருக்கிற நம்ம ஆப்போட ப்ராசஸையே போட்டுத் தள்ளிடும். இது பழுது இல்லை, ஆண்ட்ராய்டு பொறந்ததுலேர்ந்து அப்படித்தான் வடிவமைப்பு. போட்டோ எடுத்துட்டுத் திரும்பி வந்தா அதே ஸ்கிரீனை மறுபடி கட்டி எழுப்பிக் காட்டும். நாம அடிச்ச 18-ஐக் கூட அந்தக் கட்டத்துல அப்படியே திருப்பிப் போட்டு வைச்சிருக்கும். பயன்படுத்துறவருக்கு நடுவுல ஒரு சாவு நடந்ததே தெரியாது. ஆனா நம்ம சிங்கிள்டன்? அது புதுப்பொறப்பு. உள்ள எல்லாம் காலி. 'தற்போதைய ஆள்' யாருமில்லை.

அப்ப கிராஷ் ஆகியிருக்கணுமே? ஆகியிருக்கும். ஆனா ஆரம்பத்துல ஒரு தடவை சோதனையில அப்படி ஆனப்போ, என் கூட்டாளி "ஆள் காலியா இருந்தா லிஸ்ட்ல முதல் ஆளை எடுத்துக்க"ன்னு ஒரு வரி எழுதிட்டான். நானும் பாத்துட்டு 'சூப்பரப்பு'ன்னு சேத்துக்கிட்டேன். லிஸ்ட் அகர வரிசை. குடியாத்தம் போன அம்மா பேரு 'அ'-வுல ஆரம்பிக்குது. விளங்கிச்சா? ராம் பத்தாத ஒவ்வொரு தடவையும் எவளோ ஒருத்தி கண்ணு எரிய எரிய தெச்சது அந்தம்மா கணக்குல போய் விழுந்துக்கிட்டு இருந்திருக்கு. ஸ்கிரீன்ல பேரு மாறித்தான் வந்திருக்கும். எழுத்து சின்னது, வெயில், அடுத்த வீட்டுக்கு அவசரம். யார் பாக்குறா?

கிராஷ் ஆகியிருந்தா அன்னிக்கே பிடிபட்டிருக்கும். இப்படி அமைதியா தப்பு பண்றதுதான் டேஞ்சர்.

இப்ப சிங்கிள்டன் கோஷ்டிக்கு வருவோம். 'உங்க கோடு மொக்கை, அதுக்கு சிங்கிள்டன் என்ன பண்ணும்'னு கேப்பாங்க. கேளுங்க. நான் சொல்றது என்னன்னா, சிங்கிள்டன்னு நாம சொல்றது ஒரு சமாச்சாரம் இல்லை, ரெண்டு. ஒண்ணு, 'இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்'. இன்னொண்ணு, 'இதை யார் வேணா எங்கேர்ந்து வேணா தொடலாம்'. முதலாவதுல தப்பே இல்லை. ஒரு ஆப்புக்கு ஒரு டேட்டாபேஸ் கைப்பிடி போதும். ரெண்டாவதுதான் விஷம். ரெண்டையும் ஒரே பொட்டலத்துல கட்டி விக்கிறாங்க, நாமளும் முதலாவது வேணும்னு ரெண்டாவதையும் சேத்து வாங்கிக்கிட்டு வந்துடறோம்.

எங்க ஊர்க்காரனுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேணாம். பாலாறுன்னு சொன்னாப் போதும்.

கர்நாடகாவுல நந்திமலைப் பக்கம் பொறந்து, ஆந்திராவுல கொஞ்ச தூரம் வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டைன்னு தோல் பெல்ட்டை ஒட்டிக்கிட்டே கிழக்கே போற ஆறு. ஓடுதுன்னு சொன்னா பொய், முக்காவாசி நாள் மணல்தான். ஆறு ஒண்ணே ஒண்ணுதான், அதுல என்ன தப்பு? ஆனா எந்தத் தோட்டத்துலேர்ந்தும் எந்த ஷாப்புலேர்ந்தும் குழாய் விடலாம், எவன் என்ன விட்டான்னு எங்கயும் பதிவு கிடையாதுங்கிற நிலைமை இருந்தது பாருங்க, அங்கதான் போச்சு. கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சுது, நெலம் வெளுத்துது. யாரைக் கேட்டாலும் 'நம்ம தண்ணி இல்லீங்க, மேல இருக்கிறவன் தண்ணி'. பத்து ஸ்கிரீன் எழுதுற ஒரு குளோபல்ல தப்பான மதிப்பு வந்து நிக்கும்போது டெவலப்பர் பயலுவளைக் கேட்டுப் பாருங்க, அதே பதில்தான் வரும். 'நம்ம ஸ்கிரீன் இல்லீங்க'.

வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-ல தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில இருந்த பெஞ்ச். சட்டம் படிக்கிற பசங்க இன்னிக்கும் இந்தியா பூரா படிக்கிற தீர்ப்பு அது. தோல் பெல்ட்ல கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நெலம் கொஞ்சமாவோ முழுசாவோ பாழாப்போனதா வந்த ஆய்வை அதுலயே எடுத்துச் சொல்லியிருக்கு. அழுக்காக்கினவன்தான் காசு கட்டணும், தீங்கு வரும்னு சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்கணும்னு ரெண்டு கொள்கையை நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு அறிவிச்சது. ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி இல்லைன்னா இழுத்து மூடு.

இங்க நான் கவனிக்கிறது, ஒவ்வொரு ஷாப்புக்கும் தனித்தனி ஆறு தோண்டுன்னு நீதிமன்றம் சொல்லலை. சொல்லவும் முடியாது. பொதுவா இருக்கிறது பொதுவாவே இருக்கட்டும், ஆனா உள்ள போற வழிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பொறுப்பாளி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷாப்புக்காரங்க சேர்ந்து நடத்துற பொது சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த ஏற்பாடுதான்.

அதோட எல்லாம் சரியாப் போச்சான்னா, இல்லை. 2015 ஜனவரி கடைசியில ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு பொது நிலையத்தோட கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, பக்கத்து ஷாப்புல தூங்கிக்கிட்டு இருந்தவங்க மேல ராத்திரியில பாய்ஞ்சு 10 பேர் செத்தாங்க. அதைக் கோடு எழுதுற விஷயத்தோட ஒப்பிட எனக்குக் கூச்சமா இருக்கு, ஒப்பிடலை. பொதுவா ஒண்ணு கட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிற எங்க ஊர்ப் புத்தியைப் பத்தி மட்டும் சொல்றேன். 2025 ஜனவரியில உச்ச நீதிமன்றம் பாலாறு விஷயத்துல மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. முதல் தீர்ப்பு வந்து 28 வருஷத்துக்கு மேல கழிச்சு.

சரி, ஆணிக்கு வருவோம்.

குளோபல் மாறிகள் கெடுதல்னு வுல்ஃப், ஷான்னு ரெண்டு பேர் 1973-லயே கட்டுரை எழுதிட்டாங்க. அப்ப செல்போன் கூடக் கிடையாது. 1994-ல நாலு பேர் சேர்ந்து எழுதின 'டிசைன் பேட்டர்ன்ஸ்' புத்தகம் வந்தது. அதுல சிங்கிள்டனும் ஒண்ணு. அவ்வளவுதான், திட்டி வைச்ச குளோபலுக்குக் கோட்டு சூட்டு மாட்டி விட்ட மாதிரி ஆகிப்போச்சு. 'குளோபல் மாறி வைச்சிருக்கேன்'னு சொன்னா சீனியர் முறைப்பாரு. 'பேட்டர்ன் யூஸ் பண்ணியிருக்கேன் சார்'னு சொன்னா அப்ரைசல்ல மார்க். அந்த நாலு பேர்ல ஒருத்தரான எரிக் காமாவே 2009-ல ஒரு பேட்டியில, புத்தகத்தைத் திருத்தி எழுதினா சிங்கிள்டனைத் தூக்கிடுவேன்னு சொல்லிட்டாரு. பெத்தவரே கை கழுவின பிள்ளையை நாம தூக்கிக் கொஞ்சிக்கிட்டு இருக்கோம்.

செல்போன்ல இது ஏன் இவ்வளவு பரவிச்சுன்னா, வாசல்லயே ஒரு சாக்கு மூட்டையை வைச்சுட்டாங்க. 2008-ல ஐபோன் ஆப் எழுத ஆரம்பிச்சவங்களுக்கு ஆப்டெலிகேட்னு ஒண்ணு தானா வந்துச்சு. ஆண்ட்ராய்டுக்காரங்களுக்கு அப்ளிகேஷன் கிளாஸ். ரெண்டும் எங்கேர்ந்தும் எட்டுற தூரம். வேற எங்க வைக்கிறதுன்னு தெரியாத எல்லாத்தையும் அதுக்குள்ளயே திணிச்சாங்க. ரெண்டாயிரம் வரி ஆப்டெலிகேட்டை நான் என் கண்ணால பாத்திருக்கேன். உள்ள நெட்வொர்க் கோடு, கலர் கோடு, ஏதோ பண்டிகைக்குப் போட்ட தள்ளுபடி கோடு. யாரும் கூட்டாத வீட்டுப் பரண்.

'ஆப்பிளே ஷேர்ட், டிஃபால்ட், ஸ்டாண்டர்டுன்னு வரிசையா வைச்சிருக்கானே, அவனை விட நீ பெரிய ஆளா'ன்னு ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி. ஆப்பிள் வைச்சிருக்கிறது பெரும்பாலும் சிஸ்டத்தோட கதவுகள். அதுலயும் பாருங்க, யூஆர்எல்செஷன்ல ஷேர்டுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அதுல உங்க இஷ்டத்துக்கு அமைப்பை மாத்த முடியாது, டெலிகேட் கொடுக்க முடியாது. உனக்குன்னு வேணும்னா நீயே ஒண்ணு உருவாக்கிக்கன்னு விட்டிருக்கான். ஃபைல்மேனேஜரும் தனியா உருவாக்கிக்கலாம். பொதுவுல இருக்கிறதை எவனும் குடைய முடியாதபடி வைச்சிருக்கான், நாம என்னடான்னா அத்தனை கதவையும் திறந்து வைக்கிறோம். அதையும் தாண்டி, ஆப்பிளுக்கே ஆப்பு விழுந்த இடம் உண்டு. 'ஆப்புக்கு ஒரு ஜன்னல்தான்'னு ஆரம்பத்துல நினைச்சாங்க. 2019-ல ஐஓஎஸ் 13-ல ஐபேடுக்கு ஒரே ஆப் பல ஜன்னல்ல திறக்கும்னு வந்ததும் அந்த நினைப்பு செல்லலை. கீவிண்டோங்கிற பொது சமாச்சாரத்தை இனிமே தொடாதேன்னு எச்சரிக்கை போட்டாங்க. 'ஒண்ணே ஒண்ணுதான்'னு சத்தியம் பண்ணின எதுவும் ஒரு நாள் ரெண்டாகும் மக்களே. எங்க அண்ணனும் போன மாசம் "தம்பி, என் மச்சினனுக்கும் இதே செல்லுல தனிக் கணக்கு வேணும்"னாரு.

இன்னொரு கோஷ்டி, 'லாக் போட்டா சரியாப்போச்சு, த்ரெட் சேஃப் ஆக்கிடு'ன்னு. நான் சொன்ன முதல் ஓட்டையை மறுபடி படிங்க. அதுல ரெண்டாவது த்ரெட்டே கிடையாது. ஒரே ஆள், ஒரே விரல். லாக் போட்டா 'ஒரே நேரத்துல ரெண்டு பேர் எழுத மாட்டாங்க'ன்னு உத்தரவாதம். தப்பான ஆள் நிதானமா வந்து ஒழுங்கா வரிசையில நின்னு தப்பா எழுதிட்டுப் போறதை அது தடுக்காது. 2024-ல வந்த ஸ்விஃப்ட் 6 மாத்தக்கூடிய குளோபலைப் பாத்தாலே பிழைன்னு கத்துது. சந்தோஷம். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? 'அன்சேஃப்'னு வெளிப்படையா எழுதி வாயை மூடிடறாங்க. இல்லைன்னா எல்லாத்துக்கும் மெயின்ஆக்டர் முத்திரை குத்திடறாங்க. கம்பைலர் அடங்கிடும். 18 ஜோடி அப்பவும் தப்பான கணக்குலதான் ஏறும்.

எதிர்க் கோஷ்டியையும் விட மாட்டேன். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் பக்தர்கள். 2012-ல ஸ்கொயர் கம்பெனி டேகர் விட்டாங்க, 2015-ல கூகுள் டேகர் 2, 2020-ல ஹில்ட். நல்ல கருவிகள்தான், பெரிய டீமுக்குத் தேவைதான். ஆனா நடைமுறையில நான் பாத்தது: ஹில்ட் போட்டுட்டு, அதுல இருக்கிற அத்தனை கிளாஸ் தலையிலயும் 'சிங்கிள்டன்' பொட்டு வைச்சுடறது. எந்தப் பொருள் எவ்வளவு நேரம் உயிரோட இருக்கணும்னு யோசிக்கத்தான் அந்தக் கருவியில ஸ்கிரீனுக்கு இவ்வளவு, ஆக்டிவிட்டிக்கு இவ்வளவுன்னு அளவு பிரிச்சுக் கொடுத்திருக்கான். அதை யோசிக்கச் சோம்பல்பட்டு எல்லாத்தையும் சிரஞ்சீவி ஆக்கிட்டா, பழைய பாலாறுக்கு சிமெண்ட் கரை கட்டின கதைதான். குழாய் குறையலை.

சிரஞ்சீவின்னதும் ஞாபகம் வருது. ராணிப்பேட்டையில குரோமியம் ரசாயனம் பண்ணின கம்பெனி ஒண்ணு 1990-களின் நடுவுல மூடிட்டாங்க. கம்பெனி இல்லை, கழிவு மட்டும் லட்சம் டன்னுக்கு மேல மலையாக் கிடக்கு, மழை பெய்ஞ்சா மஞ்சத் தண்ணி இறங்குது. உரிமையாளர் போன பிறகும் போகாத பொருள். லாக்அவுட் பண்ணினப்புறமும் போன ஆளோட டோக்கனையும் கணக்கையும் மடியில வைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற சிங்கிள்டனைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள வரும். 'லாக்அவுட்ல எல்லாத்தையும் காலி பண்ணு'ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதுவாங்க. பதினாலு மாறியை வரிசையா காலி பண்ணும். பதினஞ்சாவதைச் சேர்க்கிறவன் அந்த ஃபங்ஷனை மறந்துடுவான். எழுதி வைச்சுக்குங்க, மறப்பான்.

நாங்க என்ன பண்ணினோம்னு சொல்லிடறேன், இல்லைன்னா 'குறை சொல்லத்தான் தெரியும்'பீங்க.

தோல் ஷாப்புல லாட் எப்படி நகருதுன்னு போய்ப் பாத்தேன். (பாய் ஒருத்தர் தெரிஞ்சவர், உள்ள விட்டாரு. மூக்கைப் பொத்தாம நின்னதுக்கு டீ வாங்கிக் கொடுத்தாரு.) சுண்ணாம்புலேர்ந்து டிரம்முக்கு, டிரம்முலேர்ந்து வெட் ப்ளூவா வெளிய வர்ற வரைக்கும் லாட்டோடயே அதோட சீட்டும் போகுது. டிரம் ஆப்பரேட்டர் சீட்டைப் பாத்து வேலை செய்யறாரு. 'இப்ப எந்த லாட் ஓடுது?'ன்னு சுவத்துல ஒரு கரும்பலகை வைச்சு, எல்லாரும் வந்து அழிச்சு அழிச்சு எழுதினா என்ன ஆகும்னு பாய்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு. "ஆட்டுத்தோலு மாட்டுத்தோலு எல்லாம் ஒண்ணாப் போயி ஒரே டிரம்முல சுத்தும், தம்பி."

கரும்பலகையை உடைச்சோம். 'தற்போதைய ஆள்'னு ஒண்ணு இப்ப எங்கயுமே கிடையாது. எண்ணிக்கை போடுற ஸ்கிரீனைத் திறக்கும்போதே யாருக்குங்கிற எண்ணைக் கையில கொடுத்து அனுப்பறோம். முழுப் பொருள் இல்லை, வெறும் அடையாள எண். அது ஸ்கிரீனோடயே வாழும். ப்ராசஸ் செத்து மறுபடி எழுந்தாலும் ஆண்ட்ராய்டு அந்த எண்ணை ஸ்கிரீன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடும், மத்ததை டேட்டாபேஸ்லேர்ந்து படிச்சுக்கலாம். எண் வரலைன்னா? கிராஷ். வேணும்னேதான். 'முதல் ஆளை எடுத்துக்க' வரியை நானே என் கையால அழிச்சேன்.

லாகின் சம்பந்தமானதெல்லாம் ஒரு தனிப் பொருள். லாகின்ல பொறக்கும், லாக்அவுட்ல மொத்தமா தூக்கி எறிவோம். உள்ள எதையும் காலி பண்ற வேலையே இல்லை, வீட்டைக் கழுவாம வீட்டையே மாத்திடறோம். மச்சினனுக்கு ரெண்டாவது கணக்குக் கேட்டாரே, அது அரை நாள் வேலையா முடிஞ்சதுக்குக் காரணம் இதுதான். ஆப் உயிரோட இருக்கிற வரைக்கும் இருக்க வேண்டியது மூணே மூணு: டேட்டாபேஸ் கைப்பிடி, லாக் எழுதுறது, கடிகாரம். கடிகாரம் எதுக்குன்னா, சோதனையில தேதியை நாமளே கொடுத்து மாசக் கடைசிக் கணக்கைச் சரிபாக்க. இந்த மூணையும் ஒரே இடத்துல, ஆப் தொடங்கும்போது உருவாக்கி, யாருக்குத் தேவையோ அவங்க கட்டமைப்பான் வழியா கொடுக்கறோம். அப்ளிகேஷன் கிளாஸ் இன்னமும் இருக்கு, இப்ப அறுபது வரி. ஹில்ட் போடலை. எங்க அளவுக்கு வேணாம். ஸ்கிரீன் முப்பதைத் தாண்டினா பாக்கலாம்.

வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன். பதினொரு ஸ்கிரீனைத் தொட வேண்டி வந்தது. 'இது உனக்கு எதுக்கு வேணும்?'னு ஒவ்வொரு கிளாஸையும் கேக்க வேண்டியிருந்தது. பாதி கிளாஸுக்குப் பதிலே இல்லை, சும்மா தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. எட்டு பொருளைக் கேக்கிற கிளாஸ் ஒண்ணைப் பாத்ததும் கூட்டாளி "பாரு, உன் வழி அசிங்கமா இருக்கு"ன்னான். அசிங்கம் முன்னாடியே இருந்தது, இப்பத்தான் தெரியுது. அதை மூணாப் பிரிச்சோம். முன்ன சோதனைகளைத் தனித்தனியா ஓட்டினா பாஸ், சேத்து ஓட்டினா ஃபெயில்னு மர்மக்கதையா இருக்கும். ஒரு சோதனை விட்டுட்டுப் போன எச்சிலை அடுத்தது சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு. அதுவும் போச்சு.

'வேலை செய்யுதுல்ல, விடுங்க பாஸ்'னு சொல்ற நண்பருக்கு நான் சொல்றது இவ்வளவுதான். நீங்க எழுதுறது சினிமா டிக்கெட் ஆப்னா, தப்பான சீட்டு வந்தா ஜனம் சண்டை போட்டு வாங்கிக்கும். எண்ணிக்கையே கூலின்னு இருக்கிற இடத்துல உங்க சௌகரியத்துக்கு ஒரு கரும்பலகையை மாட்டாதீங்க.

மிச்சம் இருந்த வேலை கணக்கைச் சரி பண்றது. எங்க டேட்டாபேஸ்ல யார் எப்ப எழுதினாங்கன்னு தடயமே இல்லை, கடைசி எண்ணிக்கை மட்டும்தான். அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு. அந்த வீடுகள்ல பாதிக்கு மேல, பசங்களோட பழைய பள்ளிக்கூட நோட்டுல பொம்பளைங்களே தேதி போட்டு எழுதி வைச்சிருக்காங்க. கோடு போட்டு, அஞ்சு அஞ்சா. எழுதப் படிக்கத் தெரியாதவங்க காலண்டர்ல புள்ளி வைச்சிருக்காங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை வீடு வீடாப் போய் அந்த நோட்டையும் காலண்டரையும் பாத்துப் பாத்து ஆப்புல திருத்தினோம். ஒரு பாட்டி நோட்டைக் கொடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. "நீ பொட்டியைத் திருத்து, நான் படிக்கிறேன், நீ எழுதிக்க"ன்னு அவங்களே ஒவ்வொண்ணா வாசிச்சாங்க.

குடியாத்தம் அம்மா திரும்பி வந்து, தன் பேர்ல கூடுதலா வந்த காசை அண்ணன்கிட்ட கொடுத்துட்டாங்க. பேரன் பொறந்திருக்கானாம், இனிப்பும் கொடுத்தாங்க. நாப்பத்தாறுல முப்பத்தொம்பது ஜோடிக்கு ஆள் கிடைச்சாச்சு. ஏழு ஜோடி யாருதுன்னு இன்னமும் தெரியலை. வர்ற ஞாயித்துக்கிழமை மாதனூர்ப் பக்கம் நாலு வீடு பாக்கி இருக்கு.